வேலை அட்டவணை பிசகுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி என்று ராமநாதபுரம் கரை நெடுக விசைப்படகுகள் மராமத்துக்காகக் காத்து நிற்கும். தடை முடிந்து மற்றவர்கள் கடலுக்குப் போகிற அன்று நம் படகும் போயாக வேண்டும். தொடங்கும் தேதி தெரியும், முடியும் தேதியை மாற்ற முடியாது, நடுவே பத்துப் பன்னிரண்டு வேலை, அதற்கு நாலைந்து வகை ஆட்கள். திட்ட அட்டவணை பற்றிப் பேச இந்தக் கரையில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வீடு கட்டுகிறவரும், ஐஸ் பிளான்ட் போடுகிறவரும், மென்பொருள் எழுதுகிறவரும் தங்கள் வேலையை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் அட்டவணையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை முக்கால்வாசிக் கோளாறு ஒரே இடத்தில் தொடங்குகிறது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதுவதற்கு முன்பே தேதிகளை எழுதிவிடுகிறோம்.

கீழே உள்ள மாதிரிப் பட்டியலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு படகுக்குப் படகு மாறும். இங்கே கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை.

அ. படகைக் கரையேற்றுதல்: 2 நாள்
ஆ. அடிப்பாகம் சுரண்டி, கழுவி, காயவிடுதல்: 4 நாள் (அ முடிந்ததும்)
இ. ஓடாவி (மரப்படகுத் தச்சர்) பலகை பார்த்து மாற்றுதல்: 12 நாள் (ஆ முடிந்ததும்)
ஈ. பலகை இடுக்குகளில் கலப்பத்து அடித்தல் (தண்ணீர் புகாதபடி அடைத்தல்): 6 நாள் (இ முடிந்ததும்)
உ. பெயின்ட்: 5 நாள் (ஈ முடிந்ததும்)
ஊ. இன்ஜினைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புதல்: 2 நாள் (அ முடிந்ததும்)
எ. இன்ஜின் வேலை, உதிரிபாகம் வரும் நாளும் சேர்த்து: 24 நாள் (ஊ முடிந்ததும்)
ஏ. ஷாஃப்ட், புரொப்பல்லர் சரிபார்த்தல்: 5 நாள் (ஊ முடிந்ததும்)
ஐ. இன்ஜினை ஏற்றிப் பொருத்துதல்: 3 நாள் (ஈ, எ, ஏ மூன்றும் முடிந்ததும்)
ஒ. கடலில் இறக்குதல்: 1 நாள் (உ, ஐ இரண்டும் முடிந்ததும்)
ஓ. வெள்ளோட்டம்: 2 நாள் (ஒ முடிந்ததும்)

அறிகுறி: ஒரு வேலை தாமதமாகிறது, ஆனால் அட்டவணையில் வேறு எதுவும் நகரவில்லை

வண்ண வண்ணப் பட்டைகளோடு அட்டவணை பார்க்க அழகாக இருக்கும். 1910களில் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் பரவலாக்கிய வரைபடம்தான் இது. அதனால்தான் கான்ட் சார்ட் என்கிறோம். போலந்துக்காரரான கரோல் ஆடமியெட்ஸ்கி அவருக்கும் முன்பே, 1896ல், இதைப் போன்ற ஒன்றை உருவாக்கியிருந்தார். பட்டை எதைக் காட்டும்? எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைக் காட்டும். ஏன் அப்போது தொடங்குகிறது என்பதை அது தானாகச் சொல்லாது.

சோதனை எளிது. ஓடாவி வேலையை 12 நாளிலிருந்து 17 நாளாக மாற்றிப் பாருங்கள். கலப்பத்தும் பெயின்டும் தானாகப் பின்னுக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் உங்களிடம் இருப்பது வண்ணம் பூசிய காலண்டர்.

சரிசெய்ய, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் தொடங்க எது முடிந்திருக்க வேண்டும்? மாதிரிப் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது இந்தக் கேள்விக்கான பதில்தான். ‘வழக்கமாக இதற்கு அப்புறம்தான் இதைச் செய்வோம்’ என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள். வழக்கம் வேறு, கட்டாயம் வேறு. கலப்பத்து அடிக்காமல் பெயின்ட் அடிக்க முடியாது, அது கட்டாயம். பலகை வேலை மொத்தமும் முடிந்த பிறகுதான் கலப்பத்து தொடங்க வேண்டும் என்பது பாதி வழக்கம். முன்பக்கம் ஓடாவி கையைவிட்டுப் போனதும் கலப்பத்துக்காரர் அங்கே உட்காரலாம். இப்படி நாலைந்து நாள் மிஞ்சுகிற இடங்கள் எல்லாத் திட்டத்திலும் ஒன்றிரண்டு இருக்கும்.

இணைப்பு கொடுத்தும் தேதி அசையவில்லை என்றால் மென்பொருளைப் பாருங்கள். எம்.எஸ். ப்ராஜெக்ட்டில் 2010 பதிப்பு முதல் புதிய வேலைகள் இயல்பாகவே ‘மேனுவல்’ முறையில்தான் சேரும். முன் வேலை தள்ளிப்போனாலும் அவை இருந்த இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘ஆட்டோ ஷெட்யூல்’ கொடுங்கள். அப்புறமும் ஒன்றிரண்டு சரியாக நகரவில்லையா? தொடக்கத் தேதிக் கட்டத்தில் யாரோ கையால் தேதி அடித்திருப்பார்கள். அப்படி அடித்ததும் ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற நிபந்தனை சத்தமில்லாமல் அந்த வேலையில் ஒட்டிக்கொள்ளும். அதை ‘எவ்வளவு சீக்கிரம் முடியுமோ’ என்று திருப்பிவிட வேண்டும்.

எக்செல் போதும் என்பவர்களுக்கு: தொடக்கக் கட்டத்தில் தேதியைத் தட்டாதீர்கள். முன் வேலைகளின் முடிவுத் தேதிகளை ‘மேக்ஸ்’ சூத்திரத்தில் போட்டு ஒன்றைக் கூட்டுங்கள். பதினோரு வரி உள்ள மராமத்துக்கு அது தாராளம்.

அறிகுறி: எல்லோரும் ஓடியாடி வேலை பார்க்கிறார்கள், முடிவுத் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது

கண்ணுக்குத் தெரிகிற வேலையை விரட்டுகிறோம். படகு கரையில் நிற்கிறது, ஓடாவியின் உளிச் சத்தம் கேட்கிறது, பெயின்ட் டப்பா வந்திறங்குகிறது. இன்ஜின் எங்கோ ஒரு ஒர்க்‌ஷாப்பின் மூலையில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கரைக்குத் தினமும் போவார். ஒர்க்‌ஷாப்புக்கு வாரம் ஒரு போன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 15ஐ முதல் நாளாக வைத்து, ஒவ்வொரு வேலையும் சீக்கிரமாக முடியக்கூடிய நாளை எழுதிக்கொண்டே வாருங்கள். கரையேற்றம் 2ஆம் நாள் முடியும். மரவேலைப் பக்கம் போனால், காய்வது 6, பலகை 18, கலப்பத்து 24, பெயின்ட் 29. இன்ஜின் பக்கம் போனால், கழற்றுவது 4, ஒர்க்‌ஷாப் வேலை 28. ஷாஃப்ட் வேலை 9லேயே முடிந்துவிடும். இன்ஜின் பொருத்த மூன்றும் முடிய வேண்டும். 24, 28, 9 மூன்றில் பெரியது 28. ஆக, பொருத்தி முடிப்பது 31. கடலில் இறக்க 29, 31 இரண்டில் பெரியதை எடுத்தால் 32. வெள்ளோட்டம் 34. ஞாயிறு விடுமுறையை இப்போதைக்கு விட்டுவிட்டால், அது மே 18.

இப்போது அதே கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போடுங்கள். 34ல் முடிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் கடைசியாக எந்த நாளுக்குள் முடியலாம்? 31ஆம் நாள் முடிவதற்குள் பெயின்ட் ஆகிவிட வேண்டும். 29லேயே ஆகிவிடுகிறது, இரண்டு நாள் இடம் இருக்கிறது. ஷாஃப்ட் 28 வரை போகலாம். 9ல் முடிகிறது, 19 நாள் இடம் இருக்கிறது. இன்ஜின் 28க்குள் முடிய வேண்டும், 28ல்தான் முடிகிறது. அதற்கு ஒரு நாள்கூட இடமில்லை.

இப்படித் தள்ளிப்போட இருக்கும் இடத்தை ஃப்ளோட் என்பார்கள். ஃப்ளோட் பூஜ்யமாக உள்ள வேலைகள் வரிசையாகக் கோத்து நிற்பதுதான் கிரிட்டிக்கல் பாத். நம் படகில் அது கரையேற்றம், இன்ஜின் கழற்றல், ஒர்க்‌ஷாப், பொருத்தல், இறக்குதல், வெள்ளோட்டம். இந்த வரிசையில் ஒரு நாள் போனால் முடிவுத் தேதியில் ஒரு நாள் போகும். ஷாஃப்ட் வேலையில் பத்து நாள் போனாலும் ஒன்றும் ஆகாது. 1950களின் இறுதியில் டுபாண்ட் ரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து, ஆலைக் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் உருவாக்கிய முறை இது. அன்று அதற்குக் கம்ப்யூட்டர் பிடித்தார்கள். நம் படகுக்கு ஒரு பேனாவும் நோட்டும் போதும்.

ஆக, இந்தப் படகில் தினமும் போக வேண்டிய இடம் ஒர்க்‌ஷாப். ஆனால் ஒரு எச்சரிக்கை. மரவேலைப் பாதைக்கு இரண்டே நாள்தான் இடம். ஓடாவி ஐந்து நாள் தாமதித்தால், வெள்ளோட்டம்வரை 32 நாள் எடுக்கும் அந்தப் பாதை 37 நாளாகி, கிரிட்டிக்கல் பாத் அங்கே தாவிவிடும். இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் பூஜ்யத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஃப்ளோட் இரண்டு மூன்று நாளாக இருக்கிறவற்றையும் சிவப்பு மையில் எழுதுங்கள். கணக்கை வாரம் ஒரு முறை திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: “முக்காவாசி முடிஞ்சிருச்சு” என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள்

“சம்மாட்டி, இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.” சொல்கிறவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவருக்கே தெரியாது. வேலையை அவ்வளவு பெரிய மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

‘இன்ஜின் வேலை, 24 நாள்’ என்பது ஒரு மூட்டை. அதைப் பிரித்துப் போடுங்கள்: பிரித்துப் பார்த்து என்னென்ன பழுது என்று பட்டியல் தருவது, உதிரிபாகம் ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டுவது, பாகம் வந்து சேருவது, கடைசல் வேலை, திரும்பக் கோப்பது, ஓட்டிப் பார்ப்பது. இப்படிப் பிரித்த பிறகு எத்தனை சதவீதம் என்று கேட்கவே கேட்காதீர்கள். ‘பாகம் வந்துவிட்டதா, இல்லையா?’ என்று கேளுங்கள். முடிந்தால் நூறு, முடியாவிட்டால் பூஜ்யம். நடுவில் எதுவும் இல்லை.

எவ்வளவு சிறிதாகப் பிரிப்பது? ஒரு துண்டு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, எண்பது மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று திட்ட மேலாண்மையில் ஒரு வாய்ப்பாடு உண்டு. அதாவது ஒரு நாளிலிருந்து பத்து நாள் வரை. என் கருத்தில், 61 நாள் திட்டத்துக்குப் பத்து நாளே அதிகம். ஐந்து நாளைத் தாண்டினால் பிரித்துவிடுங்கள். முடிந்ததா என்று நீங்களே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத துண்டைத் துண்டாகவே சேர்க்காதீர்கள்.

அறிகுறி: காகிதத்தில் இணைப்பெல்லாம் சரி, ஆனால் ஆள் வரவில்லை

தடைக்காலத்தின் தனிக் கோளாறு இது. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வேலைக்கு நிற்கும். நல்ல ஓடாவி என்று பெயர் வாங்கியவரிடம் மூன்று படகுக்காரர்கள் முன்பணம் கொடுத்திருப்பார்கள். மூன்று பேர் அட்டவணையிலும் அவர் ஏப்ரல் 21ஆம் தேதி காலையில் வேலை தொடங்குகிறார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று அட்டவணையும் சரிதான்.

ஆள் பெயரில் ஒரு பத்தி சேருங்கள். ஓடாவி, கலப்பத்துக்காரர், இன்ஜின் மெக்கானிக், வெல்டர், கிரேன். ஒவ்வொரு பெயருக்கும் எந்தெந்த நாள் என்று குறுக்கே கோடு போடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு கோடு விழுந்தால் ஒன்றை நகர்த்த வேண்டும். எதை? ஃப்ளோட் அதிகம் இருப்பதை. ஷாஃப்ட் வேலைக்கு 19 நாள் இடமிருப்பதால், கடைசல் பட்டறை நெருக்கடியில் முதலில் பின்னுக்குப் போக வேண்டியது அதுதான்.

ஓடாவி அடுத்தவர் படகில் சிக்கிக்கொண்டு 15 நாள் கழித்து, மே 6ஆம் தேதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரவேலைப் பாதை 32லிருந்து 47 ஆகிறது. 61க்கு இன்னும் 14 நாள் இருக்கிறதே என்று தோன்றும். ஞாயிறு விடுமுறையைச் சேருங்கள். 47 வேலை நாள் என்பது காலண்டரில் 54 அல்லது 55 நாள். மிச்சம் ஒரு வாரம்கூட உறுதியில்லை. அந்த வாரத்தில் பெயின்ட் காயாத நாள் ஒன்று, ஊர்த் துக்கம் ஒன்று வந்தால் முடிந்தது கதை.

ஆகவே ஓடாவியிடம் பேச வேண்டியது மார்ச் மாதத்தில். “எங்க படகுக்கு எப்ப வருவீங்க?” என்று கேட்காமல், “எங்களுக்கு முன்னாடி யார் படகு, அதுல எத்தனை பலகை?” என்று கேளுங்கள். பதிலிலிருந்து நீங்களே நாள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்துச் சம்மாட்டிகளோடு உட்கார்ந்து வரிசை பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. மூவரும் பொய்யான தேதியை நம்புவதைவிட, ஒருவர் 15 நாள் தள்ளித் தொடங்க முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்குள் இன்ஜினை முடித்துவிடலாம்.

அறிகுறி: முன் வேலை முடிந்துவிட்டது, அடுத்ததைத் தொடங்க முடியவில்லை

ஆள் செய்கிற வேலையை மட்டும் பட்டியலில் எழுதி, காத்திருப்பை எழுதாமல் விட்டிருப்பீர்கள். யாரும் கைவைக்காத நாட்களும் நாட்கள்தான்.

வீட்டு வேலையில் இது பளிச்சென்று தெரியும். காங்கிரீட் தளம் போட ஒரு நாள். சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். தளத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை, தளத்தின் இடைவெளி (சுவருக்குச் சுவர் தூரம்) நாலரை மீட்டர் வரை என்றால் ஏழு நாள் கழித்தும், அதற்கு மேல் என்றால் 14 நாள் கழித்தும் எடுக்கலாம் என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக்குறிப்பின் கணக்கு. ‘தளம், 1 நாள்’ என்று எழுதிவிட்டு மறுநாளே அடியில் பூச்சு வேலைக்கு ஆள் வரச் சொன்னால், வந்தவர் முட்டுக்கட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். இந்தப் பக்கம் இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. தண்ணீர் கட்டவே லாரித் தண்ணீர் வர வேண்டும். அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

கடல்பாசி மிதவை போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். கட்டி இறக்கிய பிறகு அறுவடைக்குச் சுமார் 45 நாள். அந்த 45ஐக் குறைக்க எத்தனை ஆள் போட்டாலும் நடக்காது.

எழுத மறக்கிற இன்னொரு காத்திருப்பு அனுமதி. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுமானம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். மனு கொடுப்பது ஒரு நாள் வேலை. கையெழுத்து வரும்வரை உள்ள காலம் தனி வரி. படகிலும் அப்படியே. தடைக்காலத்தில் மீன்வளத் துறை படகுகளை நேரில் ஆய்வு செய்யும். அந்தத் தேதி நம் கையில் இல்லை. அன்று படகு காட்டும் நிலையில் இருக்க வேண்டும் என்பதை நகராத ஒரு புள்ளியாகக் குறித்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள்.

அறிகுறி: மதிப்பீடு எப்போதும் குறைவாகவே போகிறது

ஒரே எண்ணைக் கேட்டால் எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகிற நாளைத்தான் சொல்வார்கள். மூன்று எண் கேளுங்கள். எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. அமெரிக்கக் கடற்படை 1958ல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையின் அடிப்படை இது. வழக்கமான எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்.

இன்ஜின் வேலைக்கு மெக்கானிக் 18, 24, 42 என்கிறார். 42 ஏன் என்றால், ஒரு பாகம் சென்னையிலும் கிடைக்காமல் போனால் அவ்வளவு ஆகுமாம். கணக்கு: 18, 96, 42 கூட்டினால் 156, ஆறால் வகுத்தால் 26. நாம் எழுதிவைத்த 24ஐவிட இரண்டு நாள் கூட. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் 4; எண் எவ்வளவு ஆடும் என்பதற்கு அது அளவு. 26ஓடு அதில் இரண்டு மடங்கைக் கூட்டி 34 நாள் என்று வைத்தால் ஓரளவு தூக்கம் வரும்.

உண்மையைச் சொன்னால், அந்த 26ஐவிட ‘42 ஏன்?’ என்ற கேள்விக்கு வந்த பதில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எந்தப் பாகம் என்று தெரிந்துவிட்டது இல்லையா? இன்ஜினைக் கழற்றும்வரை காத்திருக்காமல் அது எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரிக்கலாம்.

நேர்மாறான கோளாறும் உண்டு. அடி வாங்கிப் பழகியவர்கள் ஒவ்வொரு வேலையிலும் இரண்டு நாள் ஒளித்துவைத்துச் சொல்வார்கள். அப்படியும் தாமதமாகும், ஏனென்றால் கிடைத்த நாளுக்கெல்லாம் வேலை நீண்டுகொள்ளும். ஒளித்த நாட்களை வெளியே எடுத்து, கடைசியில் ஒரே இடத்தில் பொதுவாக வையுங்கள். வெள்ளோட்டத்துக்கும் ஜூன் 14க்கும் நடுவே எட்டு நாள் என்று எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். யார் எத்தனை நாள் அதிலிருந்து எடுத்தார் என்பதும் தெரியும்.

அறிகுறி: கெடு ஏற்கெனவே முடிவாகிவிட்டது, நாள் போதவில்லை

இரண்டு வழிகள் உண்டு. பணம் போட்டு ஒரு வேலையைச் சுருக்கலாம், அல்லது அடுத்தடுத்த வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நடத்தலாம்.

பணம் போடுகிறவர்கள் முதலில் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குக் கூடுதலாகக் கொடுத்து இன்ஜின் வேலையை 24லிருந்து 20ஆக்கினால் எத்தனை நாள் மிச்சம்? நாலு என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் இரண்டுதான். இன்ஜின் பாதை 30 ஆகிவிடும், ஆனால் மரவேலைப் பாதை 32லேயே நிற்கிறது. நாலு நாளுக்குக் காசு, இரண்டு நாள் லாபம். மிச்ச இரண்டு வேண்டுமென்றால் மரவேலையிலும் செலவு செய்ய வேண்டும். கிரிட்டிக்கல் பாத்தில் இல்லாத வேலைக்குக் கொடுக்கிற கூடுதல் கூலி கடலில் கொட்டியதுதான்.

ஒன்றன்மேல் ஒன்றாக நடத்துவதில் செலவு குறைவு, ஆபத்து கூடுதல். பலகை வேலையையும் கலப்பத்தையும் அப்படிச் செய்யலாம். மரம் காய்வதையும் பெயின்ட் அடிப்பதையும் அப்படிச் செய்தால் அடுத்த தடைக்காலம்வரை படகு தாங்காது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: வேலையின் முறையையே மாற்றுவது. இதற்கு உதாரணம் நம் கண்முன்னே இருக்கிறது. 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை 1964 டிசம்பர் புயல் சிதைத்தது. கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) பெரும்பாலும் கடலுக்குள் போயின. சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். பிறகு அது மூன்று மாதமாகக் குறைந்தது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தியது அதில் பெரும் பங்கு. அட்டவணைக் கண்ணோடு பார்த்தால், புதிதாகக் கர்டர் செய்து கொண்டுவரும் நீண்ட வரியே பட்டியலிலிருந்து போய்விட்டது. கெடு நெருக்கும்போது நீளமான வரியைப் பார்த்து ‘இதைச் சீக்கிரம் செய்ய முடியுமா?’ என்று கேட்பதற்கு முன், ‘இது இல்லாமல் முடியுமா?’ என்று கேளுங்கள். ரீகண்டிஷன் செய்த இன்ஜின் ஒன்று தயாராகக் கிடைத்தால் 24 நாள் வரி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிகுறி: தேதி எப்போதும் ஒன்றிரண்டு நாள் தவறுகிறது

காலண்டர் பிழை. மென்பொருள்கள் திங்கள் முதல் வெள்ளிவரை வேலை நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். தங்கச்சிமடத்தில் ஞாயிறு வேலை நடக்காது. கீழக்கரையில் வெள்ளி மதியம் நடக்காது. முதலில் அதை மாற்றுங்கள்.

எக்செலில் ‘ஒர்க்டே.இன்டல்’ சூத்திரத்தில் வார விடுமுறைக்கு எண் கொடுக்கலாம்: ஞாயிறு மட்டும் என்றால் 11, வெள்ளி மட்டும் என்றால் 16. ஆனால் அந்தச் சூத்திரம் தொடங்கும் நாளைக் கணக்கில் சேர்க்காது. திங்கள் காலை தொடங்கும் ஐந்து நாள் வேலை வெள்ளி மாலை முடிய வேண்டும். அது சனி என்று காட்டும். தொடக்கத் தேதியில் ஒன்றைக் கழித்துக் கொடுத்தால் சரியாகிவிடும். பதினோரு வேலையிலும் இந்த ஒரு நாள் ஒட்டிக்கொண்டால் கடைசியில் எவ்வளவு ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தடைக்காலத்துக்கு வெளியே திட்டம் போடுகிறவர்களுக்கு இன்னும் சில. பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும். ஆட்கள் கரையில் இருக்கும் நாட்கள் அதற்கேற்ப மாறும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் லாரியில் சாமான் இறக்கலாம் என்று எண்ணாதீர்கள். ஏர்வாடி சந்தனக்கூடு ஹிஜ்ரி மாதக் கணக்கு, அதனால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். போன வருஷத் தேதியை நகலெடுக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வாடைக்காலம், வெளிவேலைக்கு வாரம் ஆறு நாள் என்று எழுதவே எழுதாதீர்கள்.

அறிகுறி: முதல் வாரத்துக்கு அப்புறம் யாரும் அட்டவணையைப் பார்ப்பதில்லை

அது பெரும்பாலும் சம்மாட்டியின் லேப்டாப்பிலோ மகனின் போனிலோ இருக்கும். ஓடாவிக்கு அது தேவையில்லை. அவருக்குத் தேவை அடுத்த இரண்டு வாரம் மட்டும், அதுவும் சுவரில். ஒரு வெள்ளைப் பலகை, அதில் அடுத்த 14 நாள், ஒவ்வொரு நாளுக்கும் யார், எந்த வேலை, அதற்கு எது தயாராக இருக்க வேண்டும். ஞாயிறு மாலை அழித்து எழுதுங்கள். கான்ட் சார்ட்டை அங்கே ஒட்ட வேண்டாம்.

உங்கள் கையில் மட்டும் இரண்டு நகல் இருக்கட்டும். ஏப்ரல் 14 அன்று போட்டதைத் தொடாமல் வையுங்கள். வாரா வாரம் மாற்றுவது இன்னொன்று. பழையதை அழித்து அதன்மேலேயே எழுதினால் எல்லா வாரமும் ‘திட்டப்படி’ நடப்பது போலத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இன்ஜின் ஆறு நாள் பின்தங்கியிருப்பதும், பலகை மூன்று நாள் முந்தியிருப்பதும் தெரியும். தடைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையில் ஆன நாளை எழுதி அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மார்ச்சில் மெக்கானிக் “24 நாள் போதும்” என்று சொல்லும்போது எடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.